நாப்பது மாமா செத்துப் பிழைத்த காலை

புதுக்கோட்டை மாவட்டத்திலேயே நடந்து போகும்போது இண்டிகேட்டர் போடுகிற ஒரே மனிதர் எங்கள் ஊர் நாப்பது மாமாதான். டீக்கடைப் பக்கம் திரும்பணும் என்றால் பத்தடிக்கு முன்பே வலது கையை நீட்டிவிடுவார். பின்னால் வருவது ஆடாக இருந்தாலும் சரி, கை நீட்டாமல் திரும்பமாட்டார்.

சவூதியில் டிரெய்லர் ஓட்டிவிட்டு வந்தவர். "ஊருக்குள்ள நாப்பதுக்கு மேல போகாதீங்கப்பா" என்று எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி, பெற்றோர் வைத்த பெயர் ஊருக்கே மறந்துபோனது. புதுசாகச் சைக்கிள் வாங்கியவரிடமும் இதையேதான் சொன்னார்.

ஜெகதாப்பட்டினத்திலிருந்து ஆவுடையார்கோவில் போகிற வழியில் இருக்கிறது எங்கள் ஊர். மீன் லாரிகளுக்கு ஐஸ் உருகுவதற்குள் போய்ச் சேரணும். நடுவில் நாங்கள் இருப்பதே அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. போதாக்குறைக்கு ரோட்டோரம் முழுக்க நிறுத்திவைத்த கார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நடு ரோட்டில்தான் நடந்தார்கள். அப்படிப் போன மூணாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை லாரி உரசி, கால் உடைந்துவிட்டது.

ஊரே கூடியது. வேகத்தடை கேட்டு மனு கொடுத்தோம்.

"அது வர்றப்ப வரட்டும்யா. அதுவரைக்கும் நாமதான் தடை" என்றார் மாமா.

முதலில் கார்கள். பள்ளிக்கூட வாசலை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கார் விடிந்ததிலிருந்து நின்றது. மாமா அதற்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, குங்குமம் வைத்து, மாலை போட்டு, சூடம் ஏற்றிவிட்டார். கூடியிருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். காரின் சொந்தக்காரர் கல்யாண வீட்டிலிருந்து வாய் நிறைய வெற்றிலையோடு ஓடி வந்தார்.

"என்னங்க பண்றீங்க என் வண்டிய?"

"ஒங்க வண்டியா? காலையிலேர்ந்து அசையவே இல்ல, சாமின்னுல்ல நெனச்சுட்டோம்! கொஞ்சம் இருங்க, பொங்கல் வேகுது."

அதற்கப்புறம் கார்கள் எல்லாம் கோயில் பொட்டலுக்குப் போய்விட்டன.

லாரிக்காரர்களிடம் இது பலிக்காது. சாமியே குறுக்கே வந்தாலும் ஹாரன் அடிப்பார்கள். மாமா யோசித்து யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்தார்.

"சாவு வீட்டப் பாத்தாத்தாய்யா எல்லாரும் பிரேக் போடுறாங்க."

மறுநாள் பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். ரோட்டோரம் பந்தல், மேளம். மாலையும் தாடைக்கட்டுமாக நாற்காலியில் மாமா. பிணத்துக்கு மூக்கு நுனியில் வேர்த்தது.

விஷயம் கேள்விப்பட்ட அத்தை, அதாவது மாமாவின் சம்சாரம், விளக்குமாற்றோடு வந்தார். "நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், இந்த மனுசனுக்கு மேளம் கேக்குதாக்கும்!" பந்தலுக்குள் வந்து, கண்ணை மூடிச் சாய்ந்திருந்தவரைப் பார்த்ததும் விளக்குமாறு கையிலிருந்து நழுவியது. "எந்திரிங்க... வெளாட்டுக்குக்கூட இப்படி இருக்காதீங்க..." என்று அவர் காலைக் கட்டிக்கொண்டு கதறினார். அந்த அழுகையைக் கேட்டு எங்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது. மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

சீறி வந்த மீன் லாரியும் நின்றது. டிரைவர் இறங்கி, செருப்பைக் கழற்றி, கும்பிட்டபடி பக்கத்தில் வந்தார்.

"எப்பங்க எடுக்குறீங்க?"

பிணம் கண்ணைத் திறந்தது. "நீங்க இதே ஸ்பீடுல வந்தீங்கன்னா நாளைக்கே எடுத்துரலாம்."

டிரைவர் மல்லாக்க விழுந்தார். சோடா கொடுத்துத் தெளிய வைத்து, கழுத்து மாலையோடேயே அவரை அழைத்துப்போனார் மாமா, அந்தக் கால் உடைந்த பிள்ளை வீட்டுக்கு. மாவுக்கட்டோடு படுத்திருந்த பிள்ளையின் காலை டிரைவர் குனிந்து தொட்டுப் பார்த்தார். வெளியே வந்ததும் போனை எடுத்தார்.

"அண்ணே, அந்தப் பள்ளிக்கூடத்து ஊருல பிரேக்குல கால வச்சே வாங்க. எல்லார்ட்டயும் சொல்லிருங்க. அங்க பொணம்கூடப் பேசுது."

அத்தை அந்த வாரம் முழுக்க மாமாவுடன் பேசவில்லை. ஆனால் லாரிகள் ஊர்ந்துதான் போயின. பிறகு வேகத்தடையும் வந்துவிட்டது. ஆனாலும் பிள்ளைகளை ரோடு தாண்டிவிட மாமா காலையில் பள்ளிக்கூட வாசலுக்கு வராமல் இருப்பதில்லை.

போன வாரம் என் மகளைப் பள்ளியில் விடப் போனேன். ரோட்டில் ஈ காக்கா இல்லை. "வா, தாண்டிரலாம்" என்றேன். மாட்டேன் என்று நின்றுகொண்டாள். மாமா வந்து கையைப் பிடித்த பிறகுதான் ரோட்டில் காலை வைத்தாள்.

அவருடைய இன்னொரு கை சும்மாதான் இருந்தது. நான் பிடித்துக்கொண்டேன்.