மண்டூகச் சாமியின் ஆறு மணித் தவளை

இணுவிலுக்குப் பக்கத்தில் நாவலடிக் குளம் என்றொரு குளம். அதில் தவளை கத்தியது. இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். செய்திதான். மூன்று வான் வண்டி நிறைய ஆட்கள் வந்தார்கள். கச்சான் கடலை விற்பவர் வந்தார். லீவில் வந்து நின்ற வெளிநாட்டுக்காரர் ஒருவர் போனைத் தலைக்கு மேலே பிடித்து, கனடாவிலிருக்கும் தன் மாமிக்குத் தவளைச் சத்தத்தை நேரடியாக ஒலிபரப்பினார். மாமி அங்கே கண்ணீர் விட்டாவாம்.

எல்லாம் மண்டூகச் சாமியின் அருள். மண்டூகம் என்றால் தவளைதான். தவளைச் சாமி என்று சொன்னால் யார் காலில் விழுவார்கள்? வடமொழியில் சொன்னதும் விழுந்தார்கள்.

குளத்துத் தவளைகள் சாபத்தால் வாயடைத்துப்போயின, தவளை கத்தாததால்தான் ஐப்பசி மழை பிந்துகிறது என்பது சாமியின் கண்டுபிடிப்பு. வெள்ளி தோறும் பின்னேரம் ஆறு மணிக்கு, தாமரைப் பூச் சோடித்த கலசம் ஒன்றைக் குளத்து நடுவில் மிதக்கவிடுவார். கரையில் நின்று மந்திரம் சொல்வார். மூன்றாவது நிமிடம் தவளை பாடும். மழை மட்டும் வராது. அது தவளையின் பிழையல்ல, தாயத்துக் கட்டாத வீடுகளின் பிழை என்று சாமி விளக்கினார். அடுத்த வெள்ளிக்குள் ஊரில் தாயத்து இல்லாத கை இல்லை. இரண்டு சக்கர ட்ராக்டர் ஒன்றுக்கும் கட்டியிருந்தார்கள். அது முன்பு மாதிரியே ஸ்டார்ட் ஆக மறுத்தது.

இதையெல்லாம் கேள்விப்பட்ட கஜந்தினிக்குப் பொறுக்கவில்லை. அவள் கம்பஸில் சூழலியல் ஆய்வு செய்பவள். இரண்டு வருடமாகக் குளம் குளமாக இறங்கித் தவளை எண்ணுகிறாள். மகள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், அவளுடைய தகப்பன் நமசிவாயம் "கம்பஸிலை றிசேர்ச்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். தவளை விஷயத்தைக் கலியாணம் முடிந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பது அவருடைய எண்ணம்.

அவள் கண்டது சாபமல்ல. வெயில் கூடுகிறது. மழை வரவேண்டிய நேரத்தில் வராமல், வரும்போது ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிறது. வெங்காயத்துக்கு அடிக்கும் மருந்து வாய்க்கால் வழியாகக் குளத்துக்குள் வருகிறது. சுற்றியிருந்த குட்டைகளை எல்லாம் மண் போட்டு நிரப்பி மதில் கட்டிவிட்டார்கள். ஏழு வகைத் தவளை கத்திய நாவலடிக் குளத்தில் இப்போது மூன்று வகை. பக்கத்துக் குளங்களில் அதுவும் இல்லை. இதை வாசிகசாலையில் படம் போட்டு விளக்கினாள். ஐந்து பேர் வந்தார்கள். அதில் ஒருவர் புரொஜெக்டர்க்காரர், இன்னொருவர் பேப்பர் வாசிக்க வந்தவர். சாமி குற்றத்தைச் சாபத்தின் தலையில் போட்டார். இவள் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் தலையில் போட்டாள். பிறகு எப்படிக் கூட்டம் வரும்?

போன வெள்ளி சாமி அடுத்த அருள்வாக்கை வெளியிட்டார். குளத்தை மண் போட்டு நிரப்பி, அதன்மேல் தனக்கு மண்டூக பீடம் கட்டவேண்டும். அதாவது, தவளையை வாழவைக்கக் குளத்தை மூடவேண்டும். முந்நூறு தலைகள் ஆடின. குளம் ஊர் விவசாயிகளின் கமக்காரர் சங்கத்தின் பொறுப்பில் இருந்தது. சங்கத்துக்கு நமசிவாயம் தலைவர். வருகிற வெள்ளி பூசை முடிந்ததும் அவர் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைப்பதாக ஏற்பாடு.

"குளத்தை மூடினால் தவளை எங்கை இருக்கும், அப்பா?" என்று கஜந்தினி கேட்டாள்.

"சாமி கூப்பிட வரும்."

"எங்கையிருந்து?"

நமசிவாயம் யோசித்துப் பார்த்தார். பழக்கமில்லாத வேலை, உடனே கோபம் வந்தது. "நீ இரண்டு வருசமாத் தவளைக்குப் பின்னாலை திரியிறாய். நீ சொல்லி ஒரு தவளையாவது கத்தினதோ? அவர் சொல்லக் கத்துது."

அவள் படித்த படிப்பில் தவளை சொல்வதை மனிசர்தான் கேட்பார்கள். மழைத்தண்ணி நின்று நிலத்துக்குள் இறங்கும் குளம் போனால் எங்கள் கிணறும் உவராகும் என்று சொல்லிப் பார்த்தாள். அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

முந்திய வெள்ளிகளில் அவள் வல்வெட்டித்துறைப் பக்கக் குட்டைகளில் நின்றதால், சாமியின் தவளையைத் தன் காதால் கேட்டதில்லை. இந்த வெள்ளி கரைக்கு வந்து நின்றாள். மந்திரம் ஓடியது. மூன்றாவது நிமிடம் வந்தது.

றிபிட். றிபிட்.

கஜந்தினிக்குச் சிரிப்பு முட்டியது. எங்கள் தவளைகளில் ஒன்று கொறகொறக்கும், ஒன்று மரத்தில் தட்டுவது மாதிரி டொக் டொக் என்னும், ஒன்று கன்றுக்குட்டி போலக் கத்தும். றிபிட் என்பது அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் ஒரு சின்னத் தவளையின் பாஷை. பக்கத்தில் கைகூப்பி நின்ற இரத்தினம்மாவிடம், இது கலிபோர்னியாத் தவளை, இங்கே வர வழியில்லை என்று சொன்னாள்.

"தெய்வத்துக்கு விசா தேவையோ பிள்ளை?" என்றார் இரத்தினம்மா.

ஓம், அதுவும் நியாயம்தான். தவளை இனங்களின் பட்டியல் இங்கே எடுபடாது என்று கஜந்தினிக்கு விளங்கியது. ஊருக்குத் தெரிந்ததை வைத்தே ஊரைக் கேட்கவேண்டும். கடிதத்தோடு முன்வரிசையில் நின்ற தகப்பனிடம் எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்.

"அப்பா, வாய்க்காலிலை தவளை கத்திக்கொண்டிருக்கேக்கை நீங்கள் கிட்டப் போனால் அது என்ன செய்யும்?"

"வாயை மூடும். உந்தக் கேள்வி கேக்கவோ கம்பஸுக்குப் போனனி?"

கூட்டம் சிரித்தது. சாமியும் பெருந்தன்மையோடு சிரித்து, அது சாதாரணத் தவளைக்குத்தான் பொருந்தும், தெய்வத் தவளை யார் இறங்கினாலும் பயப்படாமல் பாடும் என்று அருளினார். "சந்தோசம்" என்று சொல்லிக் கஜந்தினி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

முதல் அடியிலேயே, கரையோரப் புல்லுக்குள் மெல்லக் கொறகொறத்துக்கொண்டிருந்த ஊர்த்தவளைகள் இரண்டும் நிறுத்தின. அவை அங்கே கத்திக்கொண்டிருந்ததே அதுவரை யாருக்கும் தெரியாது. நமசிவாயம் மட்டும் அந்தப் பக்கம் தலையைத் திருப்பினார். கமக்காரனின் காது.

றிபிட் நிற்கவில்லை. தண்ணீர் இடுப்புக்கு வந்தது, றிபிட். கஜந்தினி கலசத்தைக் கையில் எடுத்தாள், றிபிட். இடப்பக்கம் நீட்டினாள், தவளை இடப்பக்கம் பாடியது. வலப்பக்கம் நீட்டினாள், வலப்பக்கம் பாடியது. தலைக்கு மேலே தூக்கினாள், தெய்வத் தவளை ஆகாயத்தில் பாடியது. முந்நூறு தலைகளும் கலசத்தோடு போய் வந்தன. கடைசியாகத் தண்ணீருக்குள் அமுக்கினாள். தவளை புளுக் புளுக் என்றது.

கரைக்குக் கொண்டுவந்து பூவை உரித்தால், உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு புளூடூத் ஸ்பீக்கர். தவளையின் ஆத்மா உறையும் பேழை அது என்று சாமி சொல்லத் தொடங்கினார். நமசிவாயம் கடிதத்தைக் கக்கத்துக்குள் செருகிவிட்டு ஸ்பீக்கரை வாங்கி, அதிலிருந்த பொத்தானை அமத்தினார். மலையே இல்லாத ஊரில் அருவி கொட்டியது. இன்னொருதரம் அமத்தினார். பனிப்புயல் வீசியது. மூன்றாந்தரம் ஒரு பெண்குரல் இங்கிலீசில் மெதுவாக ஏதோ சொன்னது.

"என்னவாம்?" என்றார் நமசிவாயம்.

"ஆழ்ந்த நித்திரைக்கான இயற்கைச் சத்தங்களாம், அண்ணை" என்றான் வான்காரப் பிரகாஸ்.

"அதுதான் எனக்குப் பூசைக்குப் பூசை நித்திரை கண்ணைச் சுத்தினது. நான் பக்தி எண்டெல்லோ நினைச்சனான்" என்றார் இரத்தினம்மா.

சாமி உடனடியாக மௌன விரதம் தொடங்கி, அதே வேகத்தில் அங்கே நின்ற வானொன்றிலும் ஏறினார். நமசிவாயம் கடிதத்தை எடுத்து, கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, நாலாகக் கிழித்தார். தோளில் கிடந்த துவாயை மகளிடம் நீட்டினார்.

அத்தோடு ஊர் திருந்தியது என்று நினைக்கவேண்டாம். சாமிக்கென்று வந்த மாலை வீணாகக் கிடந்தது. பிரகாஸ் அதைக் கொண்டுவந்து கஜந்தினியின் கழுத்தில் போடப் பார்த்தான்.

"நீங்களே சொல்லுங்கோ அக்கா. மழை எப்ப வரும்?"

அவள் மாலையை வாங்கிப் பக்கத்தில் நின்ற மாட்டுக்கு வைத்தாள். எல்லாரையும் ஐந்து நிமிடம் சத்தம் போடாமல் நிற்கச் சொன்னாள். நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் புல்லுக்குள் ஒன்று கொறகொறத்தது. பிறகு இன்னொன்று.

"உவ்வளவும்தான் மிச்சமோ?" என்று நமசிவாயம் மெல்லக் கேட்டார்.

"இந்தப் பக்கத்திலை ஓம், அப்பா."

பின்னாலிருந்து யாரோ பரவசத்தில் அரோகரா என்றார்கள். தவளைகள் இரண்டும் சட்டென்று நிறுத்தின. கூட்டம் கஜந்தினியின் முகத்தைப் பார்த்தது.

"பாத்தியளோ," என்றாள் அவள். "புதுசா ஒரு சத்தம் கேட்டால் முதல் வாயை மூடிக்கொண்டு, ஆர், ஏன் எண்டு கவனிக்குது. அதுக்கு மூளை ஒரு பயறளவுதான். ஆனால் பாவிக்குது."