வெங்கடம்மாளின் பாலைவன ஒத்திகை

நாகரசம்பட்டி,
ஹேவிளம்பி வருஷம், சித்திரை மாதக் கடைசி வெள்ளி.

சேலத்தில் மிளகாய் மண்டி வைத்து, நாலு பேருக்குப் புத்தி சொல்லும் நிலையில் இருக்கும் மதிப்புக்குரிய மச்சான் சென்றாயன் அவர்களுக்கு, உங்கள் தங்கை வெங்கடம்மாளின் வீட்டுக்காரன் தீர்த்தகிரி பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கே மழை இல்லை, மற்றபடி நலம். மாமரங்கள் நலம், மாடுகள் நலம், உள்ளங்காலைத் தவிர்த்து நானும் நலம். உங்கள் தங்கை நலத்தையும் தாண்டி எங்கேயோ போய்விட்டாள். அங்கே அக்காவும் பிள்ளைகளும் குறைவில்லாமல் இருப்பார்கள் என்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதம் கண்ட அன்றே நீங்கள் பஸ் ஏறி வந்து அவளைத் தடுத்து நிறுத்த வேண்டும். வருகிற மார்கழியில் அவள் ராஜஸ்தான் பாலைவனத்தில் நடக்கப் போகிறாள்.

எப்படி வந்தது இந்த வினை என்று கேட்பீர்கள். மாசியில் பூமிதானப் பாதயாத்திரைக்காரர்கள் கிருஷ்ணகிரி வழியாக வந்தார்கள். எல்லோரையும் போல நாங்களும் ஒரு குடம் மோர் கொண்டுபோனோம். அந்தக் கூட்டத்தில் ராஜஸ்தானில் மார்வாட் பக்கத்து அம்மாள் ஒருவர் இருந்தார். வெயிலில் வெந்த முகம், வேர் போன்ற கால்விரல்கள். இந்தி தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று அவர் பேச்சைத் தமிழில் சொன்னார். அடுத்த மார்கழியில் தங்கள் ஊர்ப் பாலைவனத்திலும் இதுபோல ஊர் ஊராக நடக்கப் போவதாகவும், அங்கே ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் மணலைத் தவிர வேறொன்றும் கிடையாது என்றும் சொன்னார். நம் ஜனங்கள் அங்கே திருடன் உண்டா, பாம்பு உண்டா, பேய் உண்டா என்றெல்லாம் விசாரித்தார்கள். உங்கள் தங்கை மட்டும், "குடிக்கிற தண்ணிக்கு என்னா பண்ணுவீங்க?" என்று கேட்டாள். அந்த அம்மாள் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கிட்டே அழைத்தார். பிறகு, இத்தனை ஊரில் இதைக் கேட்டவள் நீ ஒருத்திதான், நீயே வந்து எங்கள் தண்ணீரைப் பார்த்துக்கொள் என்றார். உபசாரப் பேச்சு என்று நான் சிரித்தேன். உங்கள் தங்கை சிரிக்கவில்லை, தலையை ஆட்டினாள். பங்குனியில் இந்தியில் ஒரு கடிதம் வந்தது. எங்கள் ஊர் திம்மராயன் வாத்தியார் படித்துச் சொன்னார். நாற்பது பேர் நடக்கிறார்கள், தண்ணீர்ப் பொறுப்பு வெங்கடம்மாள். என் பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கச் சொன்னேன். திருப்பிப் பார்த்தார், இல்லை.

இருந்தாலும் கட்டினவன் சும்மா இருக்கலாமா. என் பெயரிலேயே தீர்த்தம் இருக்கிறது, அதனால் தண்ணீர்த் திட்டத்தை நானே போட உட்கார்ந்தேன். நாற்பது பேருக்குத் தண்ணீர் என்றால் ஒரு வண்டி நிறையப் பானை வேண்டும். வண்டி என்றால் இரண்டு மாடு. மாடு வெயிலில் ஒரு தொட்டியைக் காலி செய்துவிட்டுத்தான் தலையைத் தூக்கும், ஆகவே மாடுகளின் தண்ணீருக்கு இன்னொரு வண்டி. அந்த வண்டிக்கும் இரண்டு மாடு உண்டல்லவா, அவை குடிக்க மூன்றாவது வண்டி. இப்படிச் சேர்த்துக்கொண்டே போனதில் திருவிழாவுக்குப் போகிறது போல வண்டி வரிசை வந்துவிட்டது. கடைசியில் பார்த்தால் அத்தனை தண்ணீரையும் மாடுகளே குடித்துத் தீர்த்திருந்தன, நாற்பது பேரும் நாக்கு வறண்டு பின்னால் நடந்துகொண்டிருந்தார்கள். வாத்தியார் சரிபார்த்து, கணக்கில் பிழை இல்லை, மாட்டில்தான் பிழை என்று தீர்ப்புச் சொன்னார். அரிசி களைந்துகொண்டே கேட்ட உங்கள் தங்கை கையை நிறுத்தினாள். "ஏங்க, தண்ணியச் சுமந்தாலே தாகம் எடுக்குது. ஒக்காந்து எழுதினா இது அடங்காது. நடந்து பாத்தாத்தான் தெரியும்" என்றாள். மச்சான், எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை வருஷம் தினமும் தண்ணீர் குடித்திருக்கிறேன், அதற்கு இவ்வளவு கனம் இருக்கிறதென்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

அப்படி வந்ததுதான் ஒத்திகை. உத்தனப்பள்ளிவரை பஸ்ஸில் போய், அங்கிருந்து ரோட்டை விட்டு, கரடும் பாறையுமாகக் கிடக்கிற மேட்டு வழியில் தேன்கனிக்கோட்டை போய்ச் சேருவது. சுமந்து போகிற தண்ணீரைத் தவிர வழியில் ஒரு கிணற்றையும் குளத்தையும் தொடுவதில்லை. அதுவும் இந்தச் சித்திரை வெயிலில். கிருஷ்ணகிரியில் தோல் வியாபாரம் செய்கிற கௌஸ் மொய்தீன் பாயிடம் ஆட்டுத்தோலில் ஒரு தண்ணீர்ப் பை தைக்கச் சொன்னாள். அவர், எந்த ஊருக்கம்மா என்று கேட்டு, பாலைவனம் என்று பதில் வந்ததும், உண்மையா என்று என் முகத்தைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய நல்ல தோலில் தைத்துக் கொடுத்தார். ஒட்டகம் கிடைக்காததால் உத்தனப்பள்ளியில் ஒரு கழுதையை இரவல் வாங்கினோம். ஒட்டகத்துக்கு முதுகில் இருக்கிற கோணல் அதற்குக் குணத்தில் இருந்தது. துணைக்கு வாத்தியாரும் வந்தார்.

ஊர் எல்லை தாண்டவில்லை, கழுதை ஒரு பாறையில் முதுகைச் சொறிந்து, அதன்மேல் ஏற்றியிருந்த இரண்டு தண்ணீர்ப் பானையையும் உடைத்தது. கொட்டின தண்ணீர் பாறையில் ஓடி, நாங்கள் ஐயோ என்று சொல்லி முடிப்பதற்குள் காய்ந்தே போய்விட்டது. மிச்சம் தோல் பை ஒன்றுதான். தோலில் இருக்கிற தண்ணீரைத் தொடமாட்டேன் என்று வாத்தியார் தமக்குத் தனியாக ஒரு பித்தளைக் கூஜா கொண்டுவந்திருந்தார். தோளில் சுமப்பதைவிட வயிற்றில் சுமப்பது சுலபம் என்று விளக்கம் சொல்லி, அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு வீசி நடந்தார். உச்சி வெயிலுக்குள் ஆள் வாழைச் சருகு போல ஆகிவிட்டார். அதன்பிறகு அவர் தோல் பையைப் பார்த்த பார்வையில் பக்தி இருந்தது. உங்கள் தங்கை ஒன்றும் கேட்காமல் அவருக்கு ஊற்றினாள். குடித்துவிட்டு, ஆவாரம்பட்டை உடம்புக்கு மிகவும் நல்லது என்றார்.

அவள் குடித்த விதத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் அப்படியே அடக்கிக்கொண்டு, மூக்கால் மூச்சு விட்டபடி பாறை பாறையாக ஏறினாள். நானும் அதேபோல் அடக்கிக்கொண்டு நடந்தேன். எதிரே வந்த ஓர் ஆடு மேய்க்கிறவர் எந்த ஊர் என்று கேட்டார். மரியாதைக்குப் பதில் சொன்னேன். என் பங்குத் தண்ணீர் அவர் வேட்டியில் போய்விட்டது.

வெயில் சாயும்போது ஒரு சின்னக் குடியிருப்பு வந்தது. முனிலட்சுமி என்கிற அம்மாள் எங்களைப் பார்த்துவிட்டு ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வேண்டாம் என்றோம். அவள் முகம் சட்டென்று மாறிவிட்டது. "எங்க ஊட்டுத் தண்ணி ஒங்களுக்கு ஒத்துக்காதா?" என்று மெதுவாகக் கேட்டாள். அந்த ஒரு கேள்விக்குள் என்னென்ன இருந்தது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் பாலைவனத்தை விளக்க ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல அது பொய் போலவே எனக்கும் கேட்டது. வாத்தியார் பூகோளம் சொன்னார், இன்னும் மோசமாயிற்று. வேலை முடிந்து வந்த ஆண்கள் கையில் மண்வெட்டியோடு கூடிவிட்டார்கள். உங்கள் தங்கை தோல் பையை இறக்கி, எங்களுக்கு மிஞ்சியிருந்ததில் ஒரு டம்ளர் நிறைய ஊற்றினாள். "அக்கா, ஒரு வைராக்கியத்துல நடக்கறேன். ஒன் தண்ணிய இன்னிக்கு என்னால குடிக்க முடியாது. நீ என்னுத குடி" என்று நீட்டினாள். முனிலட்சுமி அந்த டம்ளரைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், பிறகு வாங்கிக் குடித்தாள். குடித்துவிட்டு முகத்தைச் சுளித்து, "என்னாம்மா இது, தோல் கழுவின தண்ணியாட்டம் இருக்குது" என்றாள். மண்வெட்டிக்காரர்கள் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அன்று அவர்கள் வாசலிலேயே படுத்தோம், அவர்கள் போட்ட களியைத்தான் தின்றோம். களியில் தண்ணீர் இருக்கிறதே என்று வாத்தியார் ஆரம்பித்தார். என் முழங்கை அவர் விலாவில் பட்டதும் நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் தேன்கனிக்கோட்டைக் காட்டோரமாக ஒரு காட்டாற்றுக்கு வந்தோம். சொட்டுத் தண்ணீர் இல்லை, வெறும் மணல். கழுதை நின்றது, காதைத் தூக்கியது, திரும்பி உத்தனப்பள்ளியைப் பார்த்து ஓடியது. என்னவென்று பார்க்கும்போது எதிர்க்கரையில் யானை. ஒற்றை யானை, மச்சான். அவ்வளவு பெரிய உடம்பு கரை இறங்கி வருகிறது, ஒரு சருகு நொறுங்கவில்லை. நாங்கள் பாறைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டோம். அது துதிக்கையை மணலில் வைத்து மோந்து பார்த்தது. இங்கே இல்லை என்று தள்ளிப் போய் இன்னோர் இடத்தில் மோந்து பார்த்தது. பிறகு ஓரிடத்தில் நின்று முன்காலால் கீற ஆரம்பித்தது. கீறின மணலைத் துதிக்கையால் வாரி ஓரமாகப் போட்டது. குழி விழுந்ததும் சும்மா நின்று காத்திருந்தது. முதலில் ஊறின கலங்கல் தண்ணீரை உறிஞ்சி வெளியே கொட்டிவிட்டு, மறுபடியும் காத்திருந்தது. தெளிந்து ஊறின பிறகுதான் குடித்தது. கோயிலில் கற்பூரம் காட்டும்போதுகூட வாத்தியார் வாய் மூடி நான் பார்த்ததில்லை, அன்று மூடியிருந்தார். உங்கள் தங்கை கண்ணில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட அவள் கையை எடுக்கவில்லை.

யானை போன பிறகு குழியருகே போனோம். கண்ணாடி மாதிரி தண்ணீர், அதற்குள் ஒரு துண்டு வானம். மனிதன் வெட்டாததால் இது கிணறு ஆகாது என்று வாத்தியார் வாதாடினார், நான் ஆமோதித்தேன், இருவரும் மண்டியிட்டுக் குடித்தோம். அவள் குடிக்கவில்லை. ஈர மணலில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எவ்ளோ தூக்கிட்டுப் போறதுன்னே யோசிச்சேங்க. அந்த மணல்லயே பொறந்து வளந்தவங்க இருப்பாங்க. எங்க இருக்குதுன்னு அவங்களுக்குத் தெரியும். மொதல்ல போயி அவங்க ஊட்டு வாசல்ல ஒக்காந்து கேக்கணும். அப்புறந்தான் பை" என்றாள். தேன்கனிக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அவள் தோல் பையை இறக்கியபோது அடியில் இன்னும் கொஞ்சம் குலுங்கியது. ஒரு கலர் சோடா வாங்கித் தரச்சொல்லி, நின்றபடியே குடித்து, ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஓர் ஏப்பம் விட்டாள்.

இப்போது வாத்தியாரிடம் இந்தி படிக்கிறாள். இங்கே தண்ணீர் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் நாலு விதமாகக் கேட்கத் தெரிந்துகொண்டிருக்கிறாள். அவளுக்கு அங்கே ஏதாவது ஆகிவிடும் என்று நான் பயப்படவில்லை. ஒன்றும் ஆகாது, நடந்து முடித்துவிடுவாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அண்ணன் பேச்சை அவள் தட்டமாட்டாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், நேரில் பார்த்ததில்லை. எப்படியாவது வந்து தடுக்கவும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் மண்டியில் மிளகாயும் உங்கள் வீட்டில் சந்தோஷமும் குறையாமல் இருக்க அந்தப் பெருமாள் துணை இருப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள
தீர்த்தகிரி

பின்குறிப்பு: எழுதின கடிதத்தை மறுபடி படித்துப் பார்த்தேன். நீங்கள் வந்து தடுக்க வேண்டாம். ஆனால் அவசியம் வரவேண்டும். அந்த நாற்பது பேரோடு என்னையும் அழைத்துப் போகச் சொல்லி உங்கள் தங்கையிடம் எனக்காக ஒரு வார்த்தை சிபாரிசு செய்யவும். நானே கேட்டேன், யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.