நூறா, நூத்தி முப்பத்தஞ்சா?

ஸ்டார்ட் பொத்தானைக் காணோம்.

நவநீதகிருஷ்ணன் ஹாண்டில்பாரின் வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், மீட்டருக்கு அடியில் குனிந்தும் பார்த்தார். கடைசியில் ஒரு பொத்தான் அகப்பட்டது. அமுக்கினார். ஹாரன் அலறியது. வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன.

“என்ன அண்ணாச்சி, எடுத்த எடுப்புல ஹாரன பாக்குதீங்க?” என்று கேட்டார் வண்டிக்குச் சொந்தக்காரரான பூவனலிங்கம்.

“பழைய ஜப்பான் வண்டியில ஹாரனத்தான் முதல்ல பாக்கணும். அது சரியா இருந்தா எல்லாம் சரியா இருக்கும்.”

சொல்லிவிட்டு நவநீதகிருஷ்ணன் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற சங்கரபாண்டியனுக்குப் பெருமை தாங்கவில்லை.

“எங்க சம்பந்தி யாருன்னு நினைச்சீரு? கண்ணக் கட்டி விட்டாலும் சத்தத்த வச்சே எந்த எஞ்சின்னு சொல்லிருவாவ.”

இந்தப் பெருமை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுவது நல்லது. நவநீதகிருஷ்ணனுக்குக் கோவில்பட்டியில் பாத்திரக்கடை. கியர் இல்லாத மொபெட்டைத் தவிர எந்த வண்டியையும் அவர் ஜென்மத்தில் ஓட்டியதில்லை. அவர் மகள் தீபலட்சுமியைத் தன் மகனுக்குப் பெண் பார்க்கப் புதூரிலிருந்து சங்கரபாண்டியன் வந்திருந்தார். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி, பெரிய இடம். கேசரியும் பஜ்ஜியும் தீர்ந்த பிறகு கூடத்தில் யாருக்கும் பேச ஒன்றுமில்லை. அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு பழைய ஆர்எக்ஸ் பைக் படபடவென்று போனது.

“ஆர்எக்ஸ்!” என்றார் நவநீதகிருஷ்ணன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று. “நானும் ஒண்ணு வச்சிருந்தேன். குடும்பக் கஷ்டத்துல வித்துட்டேன். அன்னையில இருந்து மனசு மனசா இல்ல.”

வாயிலிருந்து எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது. ஆனால் சங்கரபாண்டியன் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும், கண்ணைக் கட்டுகிற கதையையும் கூடவே சேர்த்துவிட்டார். ஜாதகம் பார்த்து, பூவும் வைத்தாயிற்று. கல்யாணம் தை மாதம் என்று முடிவானது.

இன்று காலையில் காரோடு வாசலில் வந்து நின்றார் சங்கரபாண்டியன். “சம்பந்தி, ஆர்எக்ஸ் ஒண்ணு வாங்கணும். குளத்தூர்ல ஒரே வீட்டுல ரெண்டு நிக்கு. நூறு ஒண்ணு, நூத்தி முப்பத்தஞ்சு ஒண்ணு. எந்த எஞ்சினு நல்லதுன்னு நீங்கதான் சொல்லணும்.”

அப்படித்தான் நவநீதகிருஷ்ணன் இந்த வெயிலில் வந்து நிற்கிறார்.

எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. பாத்திரத்தைப் பற்றித் தெரியும். நவநீதகிருஷ்ணன் விரலை மடக்கி, குடத்தைத் தட்டுவதுபோல இரண்டு வண்டிகளின் பெட்ரோல் டாங்கையும் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

“ரெண்டும் நல்ல கனம். ஒட்டுப்போடல” என்றார்.

“எஞ்சின தட்ட மாட்டீங்களா?” என்று கேட்டார் பூவனலிங்கம்.

“சூடா இருக்கும்போது தட்டக் கூடாது.”

“இன்னும் கிளப்பவே இல்லையே அண்ணாச்சி.”

“வெயில் சூட்டச் சொல்லுதேன்!” என்று சீறிவிட்டு, போன் வந்ததுபோலக் காதில் வைத்துக்கொண்டு கருவேல நிழலுக்கு நடந்தார். மகளுக்குப் போன் போட்டார்.

“ஏட்டி, நூறுக்கும் நூத்தி முப்பத்தஞ்சுக்கும் என்ன வித்தியாசம்? நெட்டுல பாத்துச் சீக்கிரம் சொல்லு.”

“நூறுல நாலு கியரு. லேசான வண்டி, சட்டுனு எடுக்கும். நூத்தி முப்பத்தஞ்சுல அஞ்சு கியரு, தூரத்துக்கு நல்லதாம்.” தீபலட்சுமி குரலைத் தாழ்த்தினாள். “எப்பா, ஓட்டத் தெரியாதுன்னு சொல்லிருங்களேன். அவிய என்ன தின்னுருவாவளா?”

“இப்பச் சொன்னா, பொய் சொல்லிப் பொண்ணு கொடுத்தவன்னு ஆயிராதா? உன்னையும் அப்படித்தான நினைப்பாவ?”

போனை வைத்தார். மகள் சொன்னதை மனசுக்குள் சொல்லிக்கொண்டே திரும்பி நடந்தார். அந்த நாலைந்து எட்டுக்குள் அது தலைகீழாகிவிட்டது.

“நூறுல அஞ்சு கியரு. அதான் சட்டுனு எடுக்கும்” என்றார்.

“நூறுல நாலுதான அண்ணாச்சி?” என்றார் பூவனலிங்கம்.

“இங்கன நாலு. ஜப்பான்ல அஞ்சு.”

பூவனலிங்கம் ஜப்பானுக்குப் போனதில்லை. சங்கரபாண்டியனோ, “பாத்தீரா!” என்பதுபோலத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்க்கவே நவநீதகிருஷ்ணனுக்குக் கூசியது. ஒரு தடவையாவது சந்தேகப்படக் கூடாதா இந்த மனுஷன்?

“சம்பந்தி, ஏறி உக்காந்து பாருங்க. உங்களுக்குக் காலு எட்டுதா?” என்றார் சங்கரபாண்டியன்.

ஏறி உட்கார்ந்தார். கால் எட்டியது. உடனே இறங்கிவிட்டார்.

“கறுப்பு பிடிக்குமா, சிவப்பு பிடிக்குமா?”

எஞ்சின் கேள்வி முடிந்து இப்போது வேறு வழியாகப் பரீட்சை வைக்கிறார் என்று நவநீதகிருஷ்ணனுக்குப் பட்டது. “ரெண்டுமே பிடிக்கும்” என்றார் உஷாராக.

பூவனலிங்கம் சிவப்பு நிற நூறை ஒரே மிதியில் கிளப்பினார். ஊதாப் புகை எழும்பியது. சங்கரபாண்டியன் பயந்தவர்போல இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

“சும்மா குளத்தங்கரை வரைக்கும் ஒரு ஓட்டம் போய்ட்டு வாங்க சம்பந்தி.”

நவநீதகிருஷ்ணன் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். “மூட்டு வலி. இன்னைக்கு முடியாது.”

சங்கரபாண்டியன் முகம் வாடிவிட்டது. “மூட்டு வலியா? ரொம்ப நாளா இருக்கோ? கிக்கர் மிதிக்கவே முடியாதோ?”

இவ்வளவு விசாரணை எதற்கு? அப்பனுக்கு மூட்டு வலி என்றால் மகளுக்கும் வரும் என்று யோசிக்கிறாரோ? சம்பந்தமே கைவிட்டுப் போய்விடுமோ?

“இல்ல இல்ல, வலியெல்லாம் இல்ல! சும்மா சொன்னேன். உண்மை என்னன்னா…” உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். முருகன் சாட்சி. ஆனால் முருகன் ஞாபகத்துக்கு வந்ததும் வேறொன்று வந்து விழுந்தது. “கழுகுமலை முருகனுக்கு ஒரு நேர்த்தி. மக கழுத்துல தாலி ஏறுற வரைக்கும் கியர் வண்டிய ஓட்ட மாட்டேன்னு.”

பூவனலிங்கம் எஞ்சினை அணைத்தார். சங்கரபாண்டியன் மெல்லக் கிட்டே வந்து, நவநீதகிருஷ்ணனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

“ஆசப்பட்ட வண்டியக்கூட மகளுக்காக விட்டுட்டு இருக்கீங்க. உங்க வீட்டுப் பொண்ணு எங்க வீட்டுக்கு வர நாங்க கொடுத்து வச்சிருக்கணும்.”

நவநீதகிருஷ்ணன் தரையைப் பார்த்தார். வெடித்துக் கிடந்த கரிசலில் ஒரு வெடிப்பு தன்னை விழுங்குகிற அளவுக்கு இருக்காதா என்று தேடினார். அறுபது வயதை நெருங்குகிற மனிதன், சாமி பேரைச் சொல்லி ஒரு நல்ல மனிதரை அழ வைத்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். அப்படியே காலில் விழுந்துவிடலாம் போலிருந்தது. விழவில்லை.

“இந்த நேர்த்திய இழுக்கக் கூடாது சம்பந்தி” என்றார் சங்கரபாண்டியன். “தை எதுக்கு? ஐப்பசியிலேயே கல்யாணத்த வச்சிருவோம்.”

“ஐப்பசியா? இன்னும் நகை செய்யல, மண்டபம் பாக்கல…”

“மண்டபம் என் பொறுப்பு. இப்பச் சொல்லுங்க, உங்க மனசுக்குப் பிடிச்சது நூறா, நூத்தி முப்பத்தஞ்சா?”

“நூறு” என்றார் நவநீதகிருஷ்ணன். எதைச் சொன்னால் என்ன?

பூவனலிங்கத்திடம் முன்பணம் கொடுத்து, வெற்றிலையும் மாற்றியாயிற்று.

திரும்பும் வழியில் காரை நிறுத்தச் சொல்லிவிட்டு, வீட்டுக்குக் கருப்பட்டி வாங்கிவர ஒரு கடைக்குள் போனார் சங்கரபாண்டியன். நவநீதகிருஷ்ணன் பின்சீட்டில் சாய்ந்து, காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார். வெட்கம் இன்னும் போகவில்லை. ஆனாலும் ஒரு ஆறுதல். அந்தச் சிவப்புச் சனியன் நேரே புதூருக்குப் போய்விடும். இனி அது யாரோ ஓட்டுகிற வண்டி. கல்யாணம் முடிந்ததும் ஒருநாள் சம்பந்தியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட வேண்டும் என்றும், முருகனுக்கு மொட்டை போட்டுவிட வேண்டும் என்றும் முடிவு செய்தார்.

“முதலாளிக்கு வண்டின்னா ரொம்ப உசுரோ?” என்று டிரைவர் சின்னக்கருப்பனிடம் பேச்சுக் கொடுத்தார்.

சின்னக்கருப்பன் கடைப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கமாட்டாமல் திரும்பினான்.

“நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க அண்ணாச்சி, எங்க முதலாளிக்கு சைக்கிள்கூட ஓட்ட வராது, நீங்க வித்துட்டு மனசு மனசா இல்லன்னு சொன்னீங்கள்லா, அதான் சம்பந்தி மரியாதையா அந்த வண்டிய உங்களுக்கே கொடுத்து, தாலி ஏறுன கையோட ஊர்வலத்துக்கு முன்னால உங்களத்தான் ஓட்டச் சொல்லப் போறாவ!”