உயிர்த்தோழியின் தரவரிசை

பேனாவை இரவல் வாங்கிக்கொண்டு மூடியை மட்டும் திருப்பித் தருகிற நண்பர்கள் உண்டு. பஸ்ஸில் இடம் பிடித்து வைக்கச் சொல்லிவிட்டு வேறு பஸ்ஸில் போய்விடுகிற நண்பர்களும் உண்டு. இவர்களோடெல்லாம் எப்படியோ காலம் தள்ளிவிடலாம். இன்று நான் உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போகும் இனம் வேறு. ஒன்பதாம் வகுப்பில், ஜன்னலோர பெஞ்சில் வசிப்பது. பெயர் உயிர்த்தோழி. அடிக்காது, திட்டாது, கெட்ட வார்த்தை ஒன்றுகூட வாயில் வராது. முகத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொள்ளும். அதை இறக்கி வைப்பதற்குள் அரை வகுப்பு தலைகீழாக நின்று தண்ணீர் குடித்துவிடும்.

பெண் பிள்ளைகளிடம் மட்டும்தான் இது உண்டு என்று நினைத்து, மகனைப் பெற்றவர்கள் காலாட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். "மச்சி, நீ முன்ன மாதிரி இல்லடா" என்று ஆரம்பித்து, போட்ட சட்டையையே கழற்றி வாங்கிக்கொள்கிற உயிர்த்தோழர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

என் மகளுக்கு வாய்த்த உயிர்த்தோழியை நானும் என் மனைவியும் வீட்டில் 'மேடம்' என்று சொல்வோம். மேடத்தின் கணக்கு நோட்டில், கடைசிப் பக்கத்தில், ஒரு தரவரிசைப் பட்டியல் இருக்கிறது. ஒன்று முதல் ஆறு வரை. யார் மேடத்துக்கு நெருங்கிய தோழி, யார் அடுத்தவள், யார் இந்த வாரம் கீழே போனவள் என்று திங்கட்கிழமை முதல் பீரியடுக்கு முன்பே தெரிந்துவிடும். எல்லாம் பென்சிலில். பேனாவால் எழுதினால் மாற்ற முடியாதே! ரப்பர் பக்கத்திலேயே இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்காததற்காக என் மகள் இரண்டிலிருந்து மூன்றுக்கு வந்தாள். அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நாட்டில் தேர்தல் முடிவுக்குக்கூட யாரும் இப்படிக் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

மேடத்துக்கு நல்ல மனது. எதைச் சொன்னாலும் "உன் நல்லதுக்குத்தாண்டி சொல்றேன்" என்றுதான் ஆரம்பிப்பாள். அப்படி ஆரம்பித்த வாக்கியம் நல்லபடியாக முடிந்து நீங்கள் எங்காவது கேட்டிருக்கிறீர்களா? "நீ சிரிச்சா ஈறு தெரியுதுடி, மத்தவங்க சொல்லமாட்டாங்க, நான் சொல்றேன்" என்றாள் ஒருநாள். அன்றிலிருந்து என் மகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் பார்வையைச் சரிசெய்கிற எனக்கு இது கண்ணில் பட மூன்று மாதம் ஆயிற்று. அந்தச் சிரிப்பு என் அம்மாவுடையது.

இப்படி இருக்கும்போதுதான் விளையாட்டு டீச்சரிடமிருந்து போன் வந்தது.

"சார், உங்க பொண்ணு ரிலே ஓட்டத்துக்கு வரலங்கறா. கால் வலியாம். நான் இருபது வருஷமா காலைப் பாத்துட்டிருக்கேன். அது வலிக்கிற காலு இல்ல. நாளைக்குள்ள பேர் குடுக்கலன்னா வேற பொண்ணப் போட்டுருவேன், அப்புறம் என்னைக் குறை சொல்லாதீங்க."

பள்ளி முழுவதிலும் நான்கே பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கடைசிச் சுற்று ஓட வேண்டியவள் என் மகள். ஓட்டம் ஒன்றுதான் அவள் யாரையும் கேட்காமல் நன்றாகச் செய்கிற காரியம். அதையும் விட்டுவிட்டால் அவளுக்கென்று மிஞ்சுவது அந்தப் பென்சில் எண் ஒன்றுதான் என்று எனக்குப் பயமாகிவிட்டது. கூப்பிட்டுக் கேட்டேன்.

"பிராக்டீஸ் மத்தியான இடைவேளையிலப்பா. நான் போனா அவ தனியா சாப்பிடணும்."

"சாப்பிடட்டுமே. கை இருக்கில்ல?"

"அப்புறம் நான் நாலாவதாப் போயிடுவேன்."

"யாரு, நீயா? அந்த ஸ்கூல்ல உன்னை முந்த ஆளே கிடையாது."

"ஓட்டத்துல இல்லப்பா. லிஸ்ட்ல."

எனக்கு வந்ததே ஆத்திரம்! பிடித்து உட்கார வைத்து, முக்கால் மணி நேரம் பேசினேன். பாசத்தைக் காட்டி மிரட்டுகிறவர்களை எப்படி இனம் காண்பது, அவர்களிடமிருந்து எப்படித் தப்புவது என்று விளக்கினேன். அவளை நான் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தது, அவள் பள்ளிக்காக வீடு மாறியது, எனக்குப் பிடித்த வேலையை விட்டுவிட்டு இந்தக் கடைக்கு வந்தது எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துச் சொன்னேன். "இவ்வளவு செஞ்ச அப்பாவைவிட அந்தப் பொண்ணுதான் உசத்தின்னா சரி, உன் இஷ்டம், இனிமே நான் எதுவும் கேக்கல" என்று முடித்தேன். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அடேயப்பா" என்றாள். பேச்சு நன்றாக இருந்ததால் பாராட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாலை மகள் முழங்கால் வரை புழுதியோடு வந்தாள்.

"பேர் குடுத்துட்டேன்ப்பா. இன்னிக்கே ஓடவும் ஓடிட்டேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா? நேத்து அப்பா சொன்னது மனசுல பட்டுச்சு, இல்ல?"

அவள் ஷூவைக் கழற்றிக்கொண்டே யோசித்தாள்.

"இல்லப்பா. ஓடினா அவ கோச்சுப்பா, ஓடலன்னா நீங்க கோச்சுப்பீங்க. எப்படியும் யாராவது கோச்சுக்கத்தான் போறீங்க. அதான், எனக்குப் பிடிச்சதைப் பண்ணிரலாம்னு ஓடிட்டேன்."

என்னையும் மேடத்தையும் ஒரே தட்டில் வைத்துவிட்டாள்! நான் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டேன். இரண்டு முறை பெருமூச்சு விட்டேன், இரண்டாவதைக் கொஞ்சம் சத்தமாகவே. சாப்பிடக் கூப்பிட்டார்கள், பசியில்லை என்றேன். அவள் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். அம்மாவிடம் ஓட்டத்தைப் பற்றிக் கதை கதையாகச் சொன்னாள். வந்து ஒரு வார்த்தை கேட்பாள் என்று நான் ஒரே பக்கத்தை ஒரு மணி நேரமாகப் படித்தேன்.

"பேப்பரை மடிச்சு வெச்சுட்டு வந்து சாப்பிடுங்க," என்றாள் மனைவி. "அவ அப்பவே படுத்துட்டா."

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இன்று மாலை வீட்டுக்குப் போனதும் ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள். உங்களுக்குப் பிடிக்காத விஷயம் ஒன்றைச் சொல்ல உங்கள் பிள்ளை வரும்போது, வந்ததும் வாயைத் திறக்கிறதா, இல்லை, முதலில் உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறதா?