பதினேழு வீட்டுக் கண்ணாடி

பாறை என்பது கிடந்த இடத்திலேயே கிடக்கக் கடமைப்பட்ட பொருள். அது நகர்வதாகக் கருதுவோர் தக்க சான்றை மூன்று பிரதிகளில் சமர்ப்பிக்க வேண்டும்.

தெருக்கோடித் துண்டறிக்கைக்காரர் நாற்பது வருஷமாகச் சமர்ப்பித்து வருபவர். மூன்று முறை சிறை சென்றவர். அதைச் சொல்லாமல் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கமாட்டார்.

பக்கத்து ஆலை தன் கழிவுநீரைக் குழாய் இறக்கி ஆழத்துப் பாறைக்குள் செலுத்தத் தொடங்கிய ஆறாம் மாதம், தெருவின் பதினேழு வீடுகளிலும் சுவர் விரிசல் விட்டது. அவர் உடனே அறிக்கை அடித்தார். பாறையும் பாறையும் அழுந்திப் பிடித்துக் கிடக்கும் இடுக்கில் தண்ணீர் அழுத்தத்தோடு புகுந்தால், பாரத்தில் ஒரு பங்கைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும், பிடி தளரும், பாறை நழுவும் என்று விளக்கினார்.

அரசு அலுவலகத்தின் பாறைப் பிரிவில், அறிக்கையில் தண்ணீர் இருப்பதால் நீர்ப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். நீர்ப் பிரிவு எழுத்தர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தண்ணி எங்களுதுதான் ஐயா. பாறைக்குள்ள போயிட்டா அது எங்க தண்ணி இல்லை," என்றார்.

பதினொரு மாதப் போராட்டம் வென்றது. அதிகாரி வந்து ஒவ்வொரு விரிசலின் குறுக்கேயும் ஒரு கண்ணாடிப் பட்டையைச் சிமெண்டால் பதித்தார். கண்ணாடி உடைந்தால் நிலம் நகர்கிறது என்று பொருள். ஆலையின் குழாய் மூடப்படும். ஆணையின் கடைசி வரி மட்டும் பொடி எழுத்தில் இருந்தது: அரசுக் கண்ணாடியைச் சேதப்படுத்துவோரின் வீட்டுரிமை மறுபரிசீலனை செய்யப்படும்.

"உடைஞ்சா உடையட்டும், யாரும் தொடாதீங்க," என்று அவர் தெருவைக் கூட்டிச் சொன்னார். "நம்ம சாட்சியே அதுதான்."

இரண்டாம் வாரம் தையற்காரர் வீட்டுக் கண்ணாடி உடைந்தது. ஏன் உடைத்தீர் என்று விளக்கம் கேட்டு மூன்றாம் நாளே நோட்டீஸ் வந்தது.

ஆய்வு நாளன்று அதிகாரி வீடு வீடாகப் போனார். தையற்காரர் வீட்டில் கண்ணாடி முழுசாக இருந்தது. அடுத்த வீட்டிலும் முழுசு. பதினாறு வீட்டிலும் பளபளவென்று முழுசு. பின்னாலேயே நடந்த துண்டறிக்கைக்காரருக்குக் கோழைக் கூட்டம் என்று நெஞ்சு கொதித்தது. தையற்காரரோ செருப்பையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பதினேழாவது துண்டறிக்கைக்காரரின் வீடு. அங்கே கண்ணாடி எல்லாவற்றையும்விடப் புதுசாக மின்னியது.

சிறைக்கு அஞ்சாதவர்தான். ஆனால் சிறை சென்ற காலத்தில் அவருக்குச் சொந்த வீடு இருக்கவில்லை. மற்ற பதினாறும் உடைந்தே இருக்கும், தம்முடையது ஒன்று முழுசாக இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று எண்ணியிருந்தார். தம் வீட்டுக் கண்ணாடி உடைந்ததும் துண்டால் தலையை மூடிக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனவருக்குக் கடைக்காரர் அளவு கேட்காமலே கண்ணாடி அறுத்துக் கொடுத்தாரே, அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

அதிகாரி எழுதினார்: பாறை உறுதியாக உள்ளது. நீரின் அளவை இருமடங்காக்கலாம். தெருவின் சார்பில் கையெழுத்துப் போடச் சொல்லித் தாளை நீட்டினார். உடைந்ததை மாற்றினேன் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆணைப்படி குழாய் மூடப்படும். அவர் கையெழுத்துப் போட்டார்.

கடைசி எழுத்தில் பேனா இருக்கும்போதே சுவரில் டிக்கென்று சத்தம். கண்ணாடி இரண்டு துண்டு.

அதிகாரி தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "வேற வச்சிருக்கீங்களா ஐயா?"

"அலமாரியில இன்னும் நாலு இருக்கு," என்றார் உள்ளேயிருந்து மனைவி.