அண்ணாச்சி புகழ்ந்த கார்

காலையில் பூவனலிங்கம் அந்தக் காரைப் புகழ்ந்து பேசினார். சாயங்காலத்துக்குள் ஒரு புக்கிங் ரத்தாகிவிட்டது.

செய்தியைக் கொண்டுவந்தவர் அந்தக் காரை விற்கிற மருமகன் கண்ணபிரான். வாசலில் செருப்பைக் கழற்றியவர் உள்ளே வராமல் தயங்கி நின்றார்.

"என்ன மாப்ளே, அங்கனயே நின்னுட்டீய? உள்ள வாங்க."

"ஒண்ணுமில்ல மாமா. பருப்பு மண்டி அய்யாத்துரை அண்ணாச்சி வண்டி வேண்டாம்னுட்டாவ."

"எப்ப?"

"மத்தியானம். சங்கக் கூட்டம் முடிஞ்சி நேரா நம்ம ஆபீசுக்குத்தான் வந்தாவ."

"நான் பேசுனத அவன் கேக்கலியோ?"

"முன்வரிசையிலதான் இருந்தாவளாம்."

பூவனலிங்கத்துக்கு இது விளங்கவில்லை. வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்று, தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு சொன்னது இவ்வளவுதான்: "கொரியாக்காரன் காரை மூணு வருசமா கவனிச்சுட்டு வாரேன். இப்பத்தான் தேறியிருக்கு. இனிமே தைரியமா வாங்கலாம்." சபை மூச்சுவிடாமல் கேட்டது. அதை மரியாதை என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

மரியாதைக்குக் குறைவில்லாத குடும்பம்தான். கோவில்பட்டியில் மூன்று தலைமுறையாகத் தீப்பெட்டி ஆலை நடத்துகிறவர்கள். கோர்ட்டுப் படி ஏறியதில்லை, கொடுத்த வாக்கை மாற்றியதில்லை. ஊரில் யார் எதை வாங்குவதாக இருந்தாலும் பூவனலிங்கத்தின் முன்னால் வந்து நின்று, "அண்ணாச்சி என்ன சொல்லுதீய?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். அவர் சொல்வதைக் கைகட்டிக் கேட்டுவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். அவரும் பட்டும் படாமலும் யாருக்கும் எதுவும் சொன்னதில்லை. மனதில் பட்டதைப் பளிச்சென்று சொல்லிவிடுவார்.

அந்தக் கொரியா கார் முதன்முதலில் எட்டயபுரம் ரோட்டில் ஓடியபோதும் அப்படித்தான் சொன்னார். "இது என்ன காரு? மூக்கு இல்ல. உச்சி மட்டும் தூக்கிக்கிட்டு நிக்கி. பவுடர் டப்பாவுக்குச் சக்கரம் மாட்டுனாப்ல. நம்ம கரிசல்ல ஒரு மழை பேஞ்சா மண்ணு அப்பிக்கிட்டு நகராது, பாத்துக்கிடுங்க."

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஆனாலும் கார் விற்றது. முதலில் கண் டாக்டர் வாங்கினார், பிறகு பஞ்சுக் கமிஷன் கடைக்காரர், பிறகு வக்கீல்கள். வேட்டியை மடித்துக் கட்டியவர் குனியாமல் ஏறி உட்காரலாம் என்றார்கள். சித்திரை வெயிலில் நடுரோட்டில் நின்றாலும் ஏ.சி. குளிர்கிறது என்றார்கள். கயத்தாறிலும் விளாத்திகுளத்திலும் கல்யாண வீட்டு வாசல்களில் வரிசையாக அதே கார் நின்றது. ஊர் தன் பேச்சை மீறிக் கெட்டுப்போகிறது என்று பூவனலிங்கம் நினைத்தார். கெட்டுப்போகிறவர்களைத் திருத்துவதற்காக இன்னும் கடுமையாக ஏசினார்.

அந்தச் சமயத்தில்தான் கண்ணபிரான் தான் நடத்திவந்த மெழுகு ஏஜென்சியை விட்டுவிட்டு, அந்தக் காருக்கான திருநெல்வேலி டீலரின் கிளை ஆபீசைக் கோவில்பட்டியில் எடுத்தார். மாமனாரின் வாய்க்குப் பயந்து சொந்தக்காரர்கள் வேண்டாம் என்றார்கள். ஆனால் வியாபாரம் நன்றாகவே நடந்தது. இப்படியே தீபாவளி வரைக்கும் போனால் கிளை முழு ஷோரூம் ஆகும், இல்லையென்றால் சங்கரன்கோவிலுக்கு மாற்றிவிடுவோம் என்று டீலர் சொல்லியிருந்தார்.

பூவனலிங்கம் மனம் மாறியதற்குக் காரணம் மகள் யோகலட்சுமி.

"அப்பா, கயத்தாறு சடங்கு வீட்டுல எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்காவ. மருமகன் விக்காரு, மாமனாரு ஏசுதாரு, ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லியோன்னு கேக்காவ."

"நான் காரைத்தானட்டி ஏசுதேன். மாப்ளைய ஒரு வார்த்தை சொல்லிருக்கனா?"

"நீங்க ஏசுதது காரை இல்லப்பா. எங்க வீட்டுச் சோத்தை."

அந்த வார்த்தை அவரைத் தைத்துவிட்டது. குடும்பத்துக்குள் பிளவு என்று ஊர் பேசுவதை அவரால் பொறுக்க முடியாது. மறுநாள் காலையில்தான் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

இப்போது கண்ணபிரான் மெதுவாகச் சொன்னார். "மாமா, எங்களுக்காக நீங்க சிரமப்பட வேண்டாம். பழையபடியே இருங்க."

"மாப்ளே, உங்க தன்மானம் எனக்குத் தெரியும். ஆனா பேச ஆரம்பிச்சிட்டேன். பாதியில நிறுத்துத வழக்கம் நம்ம குடும்பத்துல கிடையாது."

கண்ணபிரான் மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டார்.

மறுநாள் பூவனலிங்கம் பருப்பு மண்டிக்கே போனார். அய்யாத்துரை கல்லாவிலிருந்து எழுந்து நின்றார். நாற்காலி வந்தது, கலர் சோடா வந்தது.

"என்னடே, வண்டிய வேண்டாம்னுட்டியாம?"

"வீட்டுல ஒரு யோசனை அண்ணாச்சி."

"போன மாசம் நீ கேட்டப்ப நான் ஏசுன ஏச்சுக்கு, நீ அந்தப் பக்கமே போயிருக்கக் கூடாது. அப்ப புக் பண்ணுன. இன்னைக்கு நல்லதுன்னு சொல்லுதேன், வேண்டாங்குத. இது என்ன கூத்து?"

அய்யாத்துரை துவரம்பருப்பு மூட்டையைப் பார்த்துப் பேசினார். "நேரம் சரியில்ல அண்ணாச்சி. தை பிறக்கட்டும்."

வீட்டுக்கு வந்ததும் மனைவி வேலுத்தாயிடம் சொன்னார். அந்த அம்மாள் தேங்காய் துருவிக்கொண்டே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"மாப்பிள்ளைக்காகப் பேசுதீயன்னு நினைப்பாவ. வேற என்ன? சொந்தக்காரன் சாட்சி எடுபடுமா?"

"நான் பொய் சொல்லுவனா?"

"சொல்ல மாட்டீய. அது எனக்குத் தெரியும். ஊருக்கு எப்படித் தெரியும்? கொஞ்சம் விவரமா எடுத்துச் சொல்லுங்க."

நியாயமாகப் பட்டது. அந்த வாரமே கயத்தாறில் ஒரு கல்யாணம். மணமக்களை வாழ்த்தச் சொல்லி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். மணமக்களை அவர் இரண்டு வாக்கியத்தில் வாழ்த்தினார். மீதி நேரமெல்லாம் கார்தான். இன்ஜினைச் சொன்னார், பிரேக்கைச் சொன்னார், மாதம் ஒருநாள் கோவில்பட்டிக்கே மெக்கானிக் வருவதைச் சொன்னார். நாதஸ்வரக்காரர் இரண்டு தடவை சீவாளியை நனைத்துவிட்டுக் காத்திருந்தார்.

பந்தியில் பக்கத்து இலை லாரி செட் சாமித்துரைக்கு. அவர் சாம்பாரைக் குழப்பிக்கொண்டே கேட்டார்.

"நெசமாத்தான் சொல்லுதீயளா அண்ணாச்சி?"

"நான் என்னைக்குவே வெளையாட்டுக்குப் பேசிருக்கேன்?"

"முழு மனசோட?"

"முழு மனசோடதான்."

சாமித்துரை பாயசத்துக்குக் காத்திருக்கவில்லை. கை கழுவிவிட்டு நேராக டெலிபோன் பூத்துக்குப் போனார். பூவனலிங்கம் மகிழ்ந்துபோனார். ஒரு வண்டி உறுதி என்று அடுத்த இலைக்காரரிடம் சொல்லவும் செய்தார்.

ஆனால் கண்ணபிரான் ஆபீசில் அன்று வந்த போன், சாமித்துரை தனக்கும் தன் மச்சானுக்குமாகச் சேர்த்துச் சொல்லியிருந்த வண்டிகள் வேண்டாம் என்பதற்காக வந்தது.

"மாமா," என்று கண்ணபிரான் கும்பிடாத குறையாகச் சொன்னார், "இனிமே கல்யாண வீட்டுல யாவாரம் பேச வேண்டாம். உங்க கௌரவத்துக்கு நல்லாருக்காது."

"என் கௌரவம் இப்ப உங்க ஆபீசுலதான் மாப்ளே இருக்கு. வெள்ளிக்கிழமை திருநெல்வேலியிலேருந்து டீலர் வாராருல்லா? அதுக்குள்ள நான் சரிபண்ணுதேன்."

அன்று முழுவதும் யோசித்தார். கடைசியில் தப்பு எங்கே என்று பிடிபட்டது. வாயால் இந்தக் காரைப் புகழ்ந்துவிட்டுத் தான் ஏறிப் போவது பழைய அம்பாசடரில். பார்க்கிறவன் எப்படி நம்புவான்?

அப்பா காலத்து அம்பாசடர் அது. அந்தக் குடும்பத்துப் பெண்கள் எல்லாம் அதில்தான் புகுந்த வீட்டுக்குப் போனார்கள். அதைக் கடம்பூர் போளிக் கடைக்காரருக்குக் கொடுத்தார். வண்டி தெருமுனை திரும்பும்போது பார்க்காமல் உள்ளே போய்விட்டார். வேலுத்தாய் மட்டும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் செண்பகவல்லி அம்மன் கோவில் வாசலில் வெள்ளை நிறத்தில் புதுக் கார். மாலை போட்டு, சந்தனம் தெளித்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பூவனலிங்கம் முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். உண்மையிலேயே குனியாமல் ஏற முடிந்தது. உண்மையிலேயே குளிர்ந்தது. இவ்வளவு நல்ல வண்டியையா மூன்று வருடம் ஏசினோம் என்று உள்ளுக்குள் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

"மெயின் ரோட்டுல மெதுவாப் போப்பா. கண்ணாடிய இறக்கு. எல்லாரும் பாக்கட்டும்" என்றார் டிரைவரிடம்.

எல்லாரும் பார்த்தார்கள். ஜவுளிக் கடைக்காரர் படியிறங்கி வந்து பார்த்தார். பாத்திரக் கடைக்காரர் கைவேலையைப் போட்டுவிட்டுப் பார்த்தார். பூவனலிங்கம் இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டே போனார்.

வியாழக்கிழமை ஜவுளிக் கடைக்காரர் புக்கிங்கை ரத்து செய்தார். பாத்திரக் கடைக்காரரும் செய்தார். ஏற்கெனவே கார் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்த கண் டாக்டர்கூட போன் செய்து, வண்டியில் ஏதாவது புதிதாகக் கோளாறு வந்திருக்கிறதா, கம்பெனி மூடப்போகிறதா என்று கண்ணபிரானிடம் விசாரித்தார்.

வீட்டில் யோகலட்சுமி சாப்பிடவில்லை.

"சங்கரன்கோவிலுக்குத்தான் போணும் போலிருக்குப்பா. பிள்ளைய ஸ்கூல் மாத்தணும்."

"பூவனலிங்கம் மக, யாவாரம் ஓடாம ஊரைவிட்டுப் போனான்னு பேசுவாவ. நான் உசுரோட இருக்கும்போது அது நடக்காது. நாளைக்கு நானே ஆபீசுல உக்காருதேன்."

இதைக் கேட்டதும் கண்ணபிரான் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டார். "மாமா, வேண்டாம் மாமா" என்று மட்டும் வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் சலவை வேட்டியும் ஜிப்பாவுமாகப் பூவனலிங்கம் ஆபீஸ் வாசலுக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வந்தவர்கள் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தார்கள். கும்பிட்டார்கள். அப்படியே பக்கத்து உரக்கடைக்குள் நுழைந்துவிட்டார்கள். உரக்கடையில் அவ்வளவு கூட்டத்தை அந்தத் தெரு பார்த்ததில்லை.

டீலர் வருகிற நேரம் நெருங்கியது. அப்போது நாகலாபுரத்திலிருந்து மாயகிருஷ்ணனும் அவர் மனைவி கிருஷ்ணவேணியும் வந்தார்கள். மிளகாய் பயிரிட்டு, வத்தலில் நல்ல விலை கண்ட சம்சாரி. கிருஷ்ணவேணி யாரையும் பார்க்கவில்லை, நேரே காருக்குப் போனார். கதவைத் திறந்தார், ஏறினார், இறங்கினார், பின்சீட்டில் ஒருதரம் உட்கார்ந்து பார்த்தார்.

"காலு தட்டல. எங்க அத்தையும் ஏறிருவாவ. இதையே எடுத்துருவோம்" என்றார்.

கண்ணபிரானின் முகத்தில் இரண்டு வாரமாக இல்லாத வெளிச்சம் வந்தது. மாயகிருஷ்ணன் தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு பூவனலிங்கத்தின் முன்னால் வந்து நின்றார்.

"நல்லவேளை, நீங்களே இங்கன இருக்கீய. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம எதுவும் எடுத்ததில்ல. அண்ணாச்சி என்ன சொல்லுதீய?"

"மாமா, உங்களுக்கு ஆலையில வேலை..." என்று கண்ணபிரான் குறுக்கே வந்தார்.

"இருங்க மாப்ளே." பூவனலிங்கம் எழுந்து நின்றே சொன்னார். "மாயகிருஷ்ணா, இதவிட நல்ல வண்டி நான் பாத்ததில்ல. நானே வாங்கியிருக்கேன். யோசிக்காம எடு."

மாயகிருஷ்ணன் துண்டை மறுபடி தோளில் போட்டார். கிருஷ்ணவேணி காரின் கதவை, பூட்டிய வீட்டின் கதவைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அப்ப வாரோம் அண்ணாச்சி."

"எங்க வாரிய? எடுக்கலியா?"

"ஊருக்குப் போயி யோசிச்சு..."

பூவனலிங்கம் வாசலை மறித்து நின்றார். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத மனிதர். தொண்டையைச் செருமிக்கொண்டார். குரல் இறங்கியது.

"தாயி, நீயாவது சொல்லு. இந்தக் காருல என்ன குத்தம்? இது நடக்கலன்னா என் மக ஊரைவிட்டுப் போணும்."

"காருல ஒரு குத்தமும் இல்ல அண்ணாச்சி."

"பின்ன என்ன?"

"ஏட்டி, சும்மா இரி" என்று மாயகிருஷ்ணன் மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார். கண்ணபிரான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கிருஷ்ணவேணி கையை விடுவித்துக்கொண்டு சொன்னார்:

"நீங்க ஆகாதுன்னு சொன்ன கலர் டிவி எங்க வீட்டுல இன்னைக்கும் கண்ணாடியாத் தெரியுது, நல்லதுன்னு சொன்ன எருமை ஒரு படி பாலுக்கு வக்கத்து நிக்கி, ஊர் பூராம் இதே கதைதான் அண்ணாச்சி, அதனால மனசு வச்சு, பழையபடி இந்தக் காரை ஒரு வார்த்தை ஏசிருங்க, இப்பவே எடுத்துட்டுப் போறோம்."