நாளைய வீட்டுக்கு வரிசை

மனித குலத்தின் எதிர்காலம் யார் கையில் இருக்கிறது என்று பல அறிஞர்கள் மேடையேறிக் குழம்புகிறார்கள். குழம்பவே வேண்டாம். அது என் கையில்தான் இருக்கிறது. சாவிக்கொத்தில் பச்சைக் கயிறு கட்டிய சாவி.

எங்கள் பொழுதுபோக்குப் பூங்காவில் காட்டு உலகம், கடல் உலகம், பேய் உலகம், எதிர்கால உலகம் என்று நான்கு உலகங்கள் உண்டு. கடைசி உலகத்துக்கு நான் மேலாளர். ‘எதிர்காலம் காலை பத்து மணிக்குத் திறக்கும்’, ‘எதிர்காலத்தில் எச்சில் துப்பாதீர்கள்’, ‘மழை காரணமாக இன்று எதிர்காலம் இல்லை’ ஆகிய அறிவிப்புகளை எழுதிக் கையெழுத்திட்டவன் நானே. தீர்க்கதரிசிகளுக்குக்கூட இந்த அதிகாரம் கிடைத்ததில்லை. அவர்களால் எதிர்காலத்தைச் சொல்ல மட்டும்தான் முடிந்தது. என்னால் பூட்டவும் முடியும்.

எதிர்கால உலகத்தின் நடுநாயகமாக விளங்கியது ‘நாளைய வீடு’. அதைக் கட்டிய காலத்தில் பார்த்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். கைதட்டினால் கதவு தானே திறக்கும். கதவுக்குப் பின்னால் நின்று இழுக்கிற ஊழியருக்குக் கொஞ்சம் காது மந்தம் என்பதால், சில சமயம் காலாலும் உதைக்க வேண்டியிருக்கும். சுவரில் பதித்த கண்ணாடியில் வெளியூர் மாமா முகம் காட்டிப் பேசுவார். வட்டமான ஓர் இயந்திரம் தரையைத் தானாகப் பெருக்கிக்கொண்டே அறையெங்கும் உலாவும். அதை இழுத்த நூல் மிகவும் மெல்லியது.

வீடு என்றால் குடும்பம் வேண்டுமே! புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்து, பளபளக்கும் வெள்ளி நிற உடை தைத்துப் போட்டு, அந்த வீட்டுக்குள் உட்கார வைத்தோம். அவர் நாளைய கணவர், அந்த அம்மாள் நாளைய மனைவி. கூட்டம் உள்ளே வந்ததும் இருவரும் எதிர்காலத் தமிழில் உரையாடுவார்கள்.

“அன்பே, நிலாவில் இன்று வேலை அதிகமோ?”

“இல்லை கண்ணே. ஒரு பொத்தானை அழுத்தினேன், முடிந்துவிட்டது.”

கூட்டம் அடுத்த அறைக்கு நகர்ந்ததும் எதிர்காலம் நிகழ்காலத்துக்குத் திரும்பிவிடும்.

“ஏங்க, இந்தத் துணி ரொம்ப அரிக்குதுங்க.”

“எனக்கு மட்டும் என்ன, குளுகுளுன்னா இருக்கு? சிரி, அடுத்த கூட்டம் வருது.”

எதிர்காலத்தில் வியர்வை கிடையாது என்பது அப்போதைய கொள்கை. எனவே அந்த வீட்டில் மின்விசிறி வைக்கவில்லை.

அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். நிர்வாகம் பெருந்தன்மையோடு அவளுக்கும் இடம் கொடுத்தது. ‘நாளைய குழந்தை’யாகத் தொட்டிலில் கிடந்தாள், தவழ்ந்தாள், பெருக்கும் இயந்திரத்தின் நூலை அறுத்தாள். தொட்டிலுக்கு வெளியே கால் நீண்டதும் அவளை எதிர்காலத்திலிருந்து நீக்கிவிட்டோம். இப்போது ஏதோ ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாளாம். அப்பாவும் அம்மாவும் மட்டும் தொடர்ந்தார்கள். சேர்ந்தபோது ‘தற்காலிக’ ஊழியர்கள். காதோரம் நரைத்தபோதும் தற்காலிக ஊழியர்கள். வேலை நிரந்தரமாக வேண்டும் என்பது ஒன்றுதான் அவர்களுடைய ஆசை. எப்போது வந்து கேட்டாலும் நான் முகம் சுளித்ததில்லை. “எதிர்காலத்தில் செய்றேன்” என்று புன்னகையோடு சொல்லி அனுப்புவேன்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கையில் ஒரு விபரீதம் நடந்தது. எதிர்காலம் வந்துவிட்டது. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வந்துவிட்டது.

“இதுக்கா டிக்கெட்டு?” என்று ஒரு பார்வையாளர் நாளைய வீட்டின் நடுக்கூடத்தில் நின்று சத்தம் போட்டார். “எங்க வீட்டுக் கதவு தானா திறக்குது, தானா மூடுது. எங்க மாமா தினமும் போன்ல மூஞ்சியக் காட்டுறாரு, வேண்டாம்னாலும் காட்டுறாரு. பெருக்குற மெஷின் வேலைக்காரி மாதிரி லீவு போடாம ஓடுது. இதெல்லாம் வந்து எத்தனை வருஷமாச்சு!”

நாளைய மனைவி வசனத்தை மறந்துவிட்டார்.

“எங்க வீட்டுக்கு இன்னும் வரலைங்க” என்றார்.

இது கடுமையான ஒழுங்கீனம். எதிர்காலத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் சொந்த வீட்டுக் கதையைப் பேசலாமா? அன்றே கூப்பிட்டுக் கண்டித்தேன். அந்த அம்மாள் மன்னிப்புக் கேட்டார். நானும் பெரிய மனதோடு மன்னித்தேன்.

ஆனாலும் கூட்டம் குறைந்துகொண்டே போனது. பூங்காவின் தலைவர் அவசரக் கூட்டம் கூட்டினார். தலைவர், நான், வெளியிலிருந்து வரவழைக்கப்பட்ட ஆலோசகர் ஆகிய மூவரும் ஒரு நீண்ட மேசையைச் சுற்றி அமர்ந்து மனித குலத்துக்காகக் கவலைப்பட்டோம். ஆலோசகருக்கு மணிக்கணக்கில் ஊதியம் என்பதால் அவர் நிதானமாகப் பேசுவார். வாக்கியத்தின் நடுவில் கண்ணை மூடிக்கொள்வதும் உண்டு.

“வீட்ட எடுத்துடலாம். ஆனா தீம் மாறக் கூடாது” என்றார் தலைவர். “வாசல்ல இரும்பு எழுத்துல எதிர்கால உலகம்னு வளைவு வெச்சிருக்கோம். சோளப்பொரிக் கடை ராக்கெட்டு மாதிரி இருக்கு. குப்பைத் தொட்டிகூட ரோபோ. அதையெல்லாம் யாரு மாத்துறது?”

நான் கூட்டக் குறிப்பில் பயபக்தியோடு எழுதினேன்: ‘எதை மாற்றினாலும் தீமை மட்டும் கைவிடுவதில்லை என ஏகமனதாக முடிவாயிற்று.’ ஆலோசகர் படித்துப் பார்த்து, நிர்வாகத்தின் மனதை அப்படியே பிடித்துவிட்டதாகப் பாராட்டினார்.

பிறகு அவர் கண்ணைத் திறந்து ஒரு கேள்வி கேட்டார்.

“எதிர்காலம்னா என்ன?”

நான் அப்போது, சொல்லி வெகு நேரமாகியும் வராத தேநீரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

“இன்னும் வராதது” என்றேன்.

“அபாரம்!” என்று ஆலோசகர் மேசையைத் தட்டினார். “நாளைய வீடு ஏன் பழசாச்சு? நாம அதைக் காட்டினோம். காட்டினா எதுவும் பழசாயிடும். காட்டவே கூடாது.”

“காட்டாம எப்படிய்யா டிக்கெட்டு விக்கிறது?” என்றார் தலைவர்.

“அதை அப்புறம் பாக்கலாம். முதல்ல இடிப்போம்.”

இத்தனை தெளிவான ஒரு திட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த வாரமே வீட்டை இடித்தோம். மண்ணை வாரிக்கொண்டு லாரி போனபோது நாளைய கணவரும் மனைவியும் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் இடிபாட்டிலிருந்து ஒரு பொத்தானைப் பொறுக்கி இடுப்பில் செருகிக்கொண்டார். பூங்காவின் சொத்துதான். நான் கண்டுகொள்ளவில்லை.

“எங்க கதி என்ன சார்?” என்று கேட்டார் கணவர்.

“கதியா? புது வீடு வரப்போகுது. திறந்ததும் முதல்ல உள்ள போறது நீங்க ரெண்டு பேரும்தான். அதுவும் நிரந்தரமா.”

“நெஜமாவா சார்?”

“நான் என்னைக்காவது பொய் சொல்லியிருக்கேனா?”

இருவரும் யோசிக்க ஆரம்பித்தார்கள். முழுதாக யோசித்து முடிப்பதற்குள் நான் அங்கிருந்து நகர்ந்தேன்.

காலியிடத்தைச் சுற்றி ஆளுயரத்துக்குமேல் தகரம் அடித்து, நீல வண்ணம் பூசி, ‘எதிர்காலம் விரைவில்’ என்று எழுதினோம். முன்னால் ஒரு தகரக் கதவும், பின்னால் வண்டி வந்து போக ஒன்றும் வைத்துப் பூட்டினோம். மறுநாள் காலை, வேலைக்கு வராவிட்டால் சம்பளம் கிடையாதே என்ற கவலையில், கணவனும் மனைவியும் வெள்ளி உடை உடுத்தி வந்துவிட்டார்கள். உட்கார வீடு இல்லை. ஆகவே பூட்டிய கதவுக்கு முன்னால் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள்.

சற்று நேரத்தில் அவர்களுக்குப் பின்னால் ஒரு குடும்பம் வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னொரு குடும்பம்.

“இங்க எதுக்குங்க நிக்கிறாங்க?”

“தெரியல. நின்னா ஏதாவது இருக்கும்.”

“எனக்கு முன்னாடி பூந்துடாதீங்க, சொல்லிட்டேன்.”

மதியத்துக்குள் வரிசை ராக்கெட் கடையைத் தாண்டி வளைந்து கடல் உலகத்துக்குள் போய்விட்டது. ராட்டினங்கள் வெறுமனே சுற்றின. பேய் உலகத்துப் பேய்களில் ஒன்று, சாப்பாட்டு வேளையில் வெளியே வந்து, விசாரித்துவிட்டு, தானும் கடைசியில் நின்றது.

ஆலோசகர் ஓடி வந்து பார்த்தார். அவர் கண்கள் கலங்கிவிட்டன.

“இதுதான் சார் நம்ம புது விளையாட்டு! பழுதாகாது. கரண்ட் வேண்டாம். எத்தனை வருஷமானாலும் பழசாகாது. தீமும் அப்படியே இருக்கு!”

இப்படியாகப் பிறந்ததுதான் இன்று ஊரே புகழும் எங்கள் ‘காத்திருப்பு அனுபவம்’. அதில் சாதாரணம், சிறப்பு என்று இரண்டு வகை உண்டு. சிறப்புக் காத்திருப்பில் நாற்காலி கொடுப்போம். அதற்கு விலை அதிகம், காத்திருக்கும் நேரமும் அதிகம். மாலையில் அனைவருக்கும் ‘நானும் எதிர்காலத்துக்காக நின்றேன்’ என்ற பதக்கத்தைக் குத்தி வழியனுப்புவோம். உள்ளே ஒன்றும் காட்டவில்லையே என்று ஒருவரும் சண்டை போடவில்லை. அடுத்தவர் முன்னால் போய்விட்டார் என்றுதான் சண்டை போட்டார்கள்.

கணவன் மனைவி இருவருக்கும் ‘வரிசை முதல்வர்கள்’ என்ற பட்டம் கொடுத்து, கழுத்தில் அடையாள அட்டையும் மாட்டினேன். சம்பளம்தான் நாள் கூலியாக மாறியது. முதல்வர்கள் தகரத்துக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடி நிற்க வேண்டும். யார் என்ன கேட்டாலும் “விரைவில்” என்று சொல்ல வேண்டும். ஒரு கீற்றுப் பந்தலாவது போடக் கூடாதா என்று அந்த அம்மாள் கேட்டார். ஆலோசகர் மறுத்துவிட்டார். எதிர்காலத்துக்காக நிற்பவர் நெற்றியில் வியர்வை தெரிந்தால்தான் பின்னால் நிற்பவருக்கு நம்பிக்கை வருமாம். கொள்கை மாறிவிட்டது, என்ன செய்வது?

“உள்ள வேலை ஆரம்பிச்சிட்டாங்களா சார்? சத்தமே கேக்கலையே” என்று ஒருநாள் கேட்டார் கணவர்.

“எதிர்காலத்துல கட்டட வேலைக்குச் சத்தமே வராதுய்யா.”

அவர் தலையாட்டினார். மனைவியிடம் திரும்பி அதைப் பெருமையாகச் சொன்னார்.

இந்தச் சாதனையைப் பாராட்டித் தலைவர் எனக்கு ஒரு கறுப்புக் கார் பரிசளித்தார். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் கதைக்கு அது தேவைப்படும்.

சென்ற வாரம் நாளைய குழந்தை வந்தாள். மருந்துக் கடையில் விடுமுறையாம். ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு, மறு கையில் குடை. நேராக வரிசையின் தலைப்பகுதிக்கு நடந்தாள்.

“ஏம்மா, நாங்கல்லாம் மனுசங்களாத் தெரியலையா? பின்னாடி போ!” என்று கூட்டம் கத்தியது.

“நான் இந்த வீட்டுலதாங்க தவழ்ந்தேன்!” என்று திருப்பிக் கத்தினாள் அவள்.

அம்மாவின் தலைக்குமேல் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு தகரத்தில் சாய்ந்தாள். தகரத்தில் ஓர் ஆணி கழன்று விழுந்திருந்ததை இத்தனை காலமாக யாரும் கவனிக்கவில்லை. வரிசையில் நிற்பவர்களுக்கு முன்னால் இருப்பவரின் முதுகு தெரியும். முதல்வர்களுக்குக் கூட்டம் தெரியும். அவள்தான் ஓட்டையில் ஒரு கண்ணை வைத்தாள்.

“அப்பா, உள்ள ஒரு கார் நிக்குது.”

“பாத்தியா! நான் சொல்லல?” கணவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. “வேலைய ஆரம்பிச்சிட்டாங்க. எதிர்காலத்துக் காரா இருக்கும்மா.”

“இல்லப்பா. சாரோட கார். பின் சீட்டுல அவரு பையனோட ஸ்கூல் பை கெடக்கு.”

அந்த அம்மாள் திரும்பினார். அத்தனை காலத்தில் அதுதான் முதல்முறை. குனிந்து, ஒரு கண்ணை மூடி, வெகு நேரம் பார்த்தார்.

“சார் பொய் சொல்லலைங்க” என்றார் கணவரிடம். “உள்ள கட்டித்தான் இருக்காங்க. காருக்குக் கூரை.”

நான் உடனே தலையிட்டேன். நிலைமை கைமீறுவதற்குள் விளக்குவது ஒரு மேலாளரின் கடமை.

“வெயில்ல நின்னா பெயின்ட்டு போயிடும்மா. அதுக்குத்தான். அதுவும் தற்காலிக ஏற்பாடு.”

“எங்க அப்பா அம்மாவும் தற்காலிகம்தான் சார்” என்றாள் அந்தப் பெண். “ஆனா கார் உள்ள நிக்குது.”

கணவர் கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றித் தகரக் கதவின் பூட்டில் மாட்டினார். அம்மாள் இடுப்பிலிருந்த பொத்தானை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“அமுக்கிப் பாருங்க சார். ஒரு அமுக்கு, எல்லாம் முடிஞ்சிடும்.”

மூவரும் ஒரே குடைக்குள் நடந்து போனார்கள்.

அவர்கள் விலகியதும் வரிசை ஓர் அடி முன்னால் நகர்ந்தது. எங்கள் பூங்காவின் வரலாற்றில் எதிர்காலம் முன்னேறியது அதுவே முதல்முறை. கடல் உலகம் வரைக்கும் கைதட்டல் கேட்டது.

ஆணி ஓட்டையை அன்று மாலையே அடைத்துவிட்டேன். ஆகவே எதிர்காலத்தில் இப்போது ஒரு குறையும் இல்லை. முன்னால் நிற்க மட்டும் இரண்டு பேர் தேவைப்படுகிறார்கள். புதிதாகக் கல்யாணமானவர்கள் வந்து பார்க்கலாம். உடை நாங்களே கொடுப்போம். கொஞ்சம் அரிக்கும், போகப் போகப் பழகிவிடும். வேலை தற்காலிகம்தான். பின்னால் திரும்பிப் பார்க்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கு முன்னுரிமை.